படி வரைக்கும் கொண்டுவந்தோம்

எங்கள் பக்கத்து ஜனங்களின் மரியாதையை ஊரெல்லாம் மெச்சுகிறது. நாயை விரட்டினாலும் 'போங்க' என்றுதான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள், கூட இருப்பவர்கள் பெருமையாகச் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியும். என் அக்காவைக் கொண்டுபோனது அந்த மரியாதைதான். யாரிடம் போய் இதைச் சொல்ல? சொன்னால், 'ஏனுங், அப்படியெல்லாம் பேசலாங்களா' என்று அதையும் மரியாதையாகவே கேட்டுவிட்டுப் போவார்கள்.

முப்பதுகளில் நடந்தது. பைகாராவிலிருந்து கரண்டு வந்து, கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு தோட்டத்துக்கு நடுவே இருந்தது. மாமனார் மாமியார் கிடையாது. அண்ணன் தம்பி இரண்டே பேர். தம்பிதான் அக்காவின் புருஷன், எனக்குச் சின்ன மச்சான். அண்ணன் பெரிய மச்சான். அவருடைய சம்சாரம் காலராவில் போய்ச் சேர்ந்த பிறகு அவர் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. மாடும் மண்ணும் போதும் என்று இருந்துவிட்டார்.

கல்யாணமான மறுவருஷம் அக்கா கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தாள். எங்கள் கிணறுகளில் படி என்பது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான். ஈரக்காலோடு ஏறியவள் முதுகு அடிபட அடியிலிருந்த பாறையில் விழுந்தாள். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. நெருப்பை வைத்தாலும் தெரியாது. கட்டுப் போடுகிறவர் வந்து பார்த்து, எண்ணெய் தடவி, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று எங்கள் அப்பா என்னைக் கொண்டுவந்து அந்த வீட்டில் விட்டார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

சின்ன மச்சான் கோயமுத்தூர் ரயிலடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரைச் சக்கரம் வைத்த நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார். வந்து ஆசாரியிடம் கையைக் காலை ஆட்டி விளக்கினார். வேப்பமரத்தில் நாற்காலி. மில்லில் நூல் கூடை தள்ளுகிற வண்டியிலிருந்து கழித்துப்போட்ட இரும்புச் சக்கரங்கள். கட்டில் உயரத்துக்கே இருக்கை, அதனால் கட்டிலிலிருந்து அக்காவை நானே நகர்த்தி உட்கார வைத்துவிடுவேன். பாரம் மட்டும் அப்பப்பா, ஒரு எருமைக்கன்று போல இருக்கும் அது.

அக்கா அதில் முதல்முதலாக உட்கார்ந்ததும், 'நா இப்போ தேர்ல உக்காந்த சாமிடி. வடம் புடிக்க ஆளுதான் வேணும்' என்றாள். அவள் வாய் அப்படி. அழ வேண்டிய இடத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். சொந்தக்காரர்கள் வந்து, 'தங்கச்சியத்தான் கொண்டாந்து வெச்சிருக்கறீங்களே, அப்பறமென்ன' என்று சின்ன மச்சானிடம் ஜாடை பேசும்போதுகூட, அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்து, 'ஏன்டி, அவசரமா உனக்கு? நா இன்னும் சாமியா உக்காந்துட்டுத்தான் இருக்கறேன்' என்பாள். சின்ன மச்சான் அந்தப் பேச்சுக்குக் காதே கொடுத்ததில்லை. காலையில் அவளைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோவார், குளித்ததும் தூக்கிக்கொண்டு வருவார். அவர் கை பட்டுத்தான் அவள் வாசலைத் தாண்டுவாள்.

இங்கேதான் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புருஷனின் அண்ணனுக்கு மச்சாண்டார் என்று பெயர். தம்பி பெண்டாட்டி அவருக்கு எதிரே நிற்கக் கூடாது. பேசக் கூடாது. கை கால் படுவது என்பது நினைத்தே பார்க்க முடியாத விஷயம். அவரும் அப்படியே, அவளை நிமிர்ந்து பார்க்க மாட்டார். நான் அந்த வீட்டு மருமகள் இல்லை என்பதால் எனக்கு இந்தக் கட்டு இல்லை. நான் பெரிய மச்சானிடம் வாயாடுவேன், கோபித்துக்கொள்வேன், அவர் சிரிப்பார். ஆகையால் இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. 'கண்ணு, ரசம் ஊத்தட்டுமான்னு கேளு' என்று அக்கா உள்ளிருந்து சொல்வாள். அவர் காதில் அது விழுந்திருக்கும். ஆனாலும் நான் கேட்ட பிறகுதான், 'போதும்னு சொல்லு கண்ணு' என்பார்.

மற்ற பெண்கள் என்றால் மச்சாண்டார் வரும்போது எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அக்கா எப்படி எழுவாள்? நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அதற்கு அவளுக்கு நேரம் வேண்டுமே என்று பெரிய மச்சான் மாடு கட்டுகிற கட்டுத்தரையில் வரும்போதே இருமுவார். சக்கரம் கிரீச்சிட்டு நின்ற பிறகுதான் உள்ளே காலை வைப்பார். நாற்காலி வாசற்படியில் இடிக்கிறது என்று நான் ஒருநாள் முணுமுணுத்தேன். மறுநாள் ரம்பத்தை எடுத்து வந்து, அவருடைய அப்பா காலத்து நிலைப்படியை, மஞ்சள் பூசிக் கும்பிடுகிற நிலைப்படியை, தரையோடு தரையாக அறுத்துப் போட்டார். வண்டியில் ஏற்றுவதற்கு, பஞ்சுப் பொதி உருட்டுகிற பலகை ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். அவள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாத மனுஷர்தான் இத்தனையும் செய்தார். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, ஆனால் அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அந்தச் சித்திரையில் சின்ன மச்சான் ஒரு ஜோடிக் காளை பிடிப்பதற்காக வெள்ளகோவில் பக்கம் மாட்டுச் சந்தைக்குப் போனார். நல்ல ஜோடி அமையும்வரை அங்கேயே தங்கிவிடுவது வழக்கம். அவர் போன பிறகு ஒருநாள் அக்காவின் இருக்கைத் துணியில் ஈரக்கறை பார்த்தேன். நாற்றம் வேறு. கட்டிலில் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தால், பின்னிடுப்பில் கறுத்துப்போய் ஒரு புண். எத்தனை நாளாக இருந்ததோ. அவளுக்கு வலியே இல்லை, அந்த இடம்தான் செத்துக் கிடக்கிறதே. 'என்னடி இருக்குது அங்க' என்று என்னைக் கேட்கிறாள். 'ஒண்ணுமில்லக்கா, சின்னப் புண்ணு' என்றேன்.

வேப்பிலையும் மஞ்சளும் வைத்துக் கட்டினேன். மறுநாளே காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. பெரிய மச்சானிடம் போய் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, பெண் சமாச்சாரம் என்று நினைத்திருப்பார். நேரே போய் வண்டியைப் பூட்டினார். நாற்காலி கூண்டுக்குள் நுழையாது, பஸ்காரனும் அதை ஏற்ற மாட்டான். ஆகவே கூண்டைக் கழற்றிவிட்டு நாலு மூலையிலும் கம்பு நட்டு, அக்காவின் கல்யாணச் சேலையை நிழலுக்குக் கட்டினோம். பலகை வழியாக நாற்காலியை நான் தள்ளி ஏற்றினேன். அவிநாசி ரோட்டில் அந்தச் சித்திரை வெயிலில் அவ்வளவு தூரமும் அவர் ஒருதரம்கூடத் தலையைத் திருப்பவில்லை. 'கண்ணு, அம்மிணிக்குத் தண்ணி வேணுமான்னு கேளு' என்று மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

பெண்களுக்கென்றே இருந்த ஒரு ஆஸ்பத்திரி அது. லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷி, கெட்டிக்காரி என்று பெயர். ஆனால் கட்டடம் இருக்கிறதே, அதைக் கட்டியவன் கையில் கிடைத்தால் நான் என்ன கேட்பேன் தெரியுமா, 'ஏப்பா, கால் நல்லா இருக்கிறவங்கதான் உன் ஆஸ்பத்திரிக்கு வருவாங்கன்னு எவன் சொன்னான்?' வாசலிலேயே ஆள் உயரத்துக்குக் கருங்கல் படிகள். அதை ஏறினால்தான் டாக்டர் அறை, வார்டு, மருந்து கொடுக்கிற ஜன்னல், எல்லாமே.

வண்டியிலிருந்து இறக்கிய பலகையைப் படிமேல் சாய்த்துப் பார்த்தோம். பாதிப் படிக்குக்கூட எட்டவில்லை. ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி ஓடி வந்தாள். அவளும் நானுமாக நாற்காலியை ஒவ்வொரு படியாக ஏற்றலாம் என்று முயன்றோம். இரண்டாவது படியில் என் கை நழுவிச் சக்கரம் கீழே இறங்கிவிட்டது. அக்கா முன்னால் சரிந்தாள். நான் மார்பைக் கொடுத்துத் தாங்கினேன், இல்லாவிட்டால் கல்லில் முகம் பட்டிருக்கும். பெரிய மச்சான் வண்டிப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு அவர் தோள் துள்ளியதை நான் பார்த்தேன். திரும்பவில்லை.

ஆயா போய்ச் சொல்லி லேடி டாக்டரே கீழே இறங்கி வந்தார். கண்ணை, நாக்கை, நாடியைப் பார்த்தார். 'எங்கேம்மா தொந்தரவு? ஒண்ணுக்கு சரியாப் போறதா?' என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்கவில்லை. தலையை மார்புக்குள் புதைத்துக்கொண்டாள். டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்கிறார், இவள் கல் மாதிரி இருக்கிறாள். வாயாடி அக்காவுக்கு என்ன வந்தது என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு வண்டிப்பக்கம் கண் போயிற்று. மச்சாண்டார் காது கேட்கிற தூரத்தில் நிற்கிறார்.

'பெரிய மச்சானுங்க, கொஞ்சம் அக்கட்டால போய் நில்லுங்க' என்று கத்தினேன். அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது போலிருக்கிறது. பதறிப்போய் வெளி கேட்டையும் தாண்டி ரோட்டுக்கு அந்தப்புறம் ஒரு புளியமரத்தடிக்குப் போய்விட்டார்.

புண்ணைப் பற்றி டாக்டரிடம் நான்தான் சொன்னேன். அவர் முகம் மாறிற்று. 'உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியிலே புண்ணை வெச்சுண்டு இங்கே நான் என்னத்தைப் பார்க்கறது? மேஜையிலே குப்புறப் படுக்க வெச்சு வெளிச்சத்திலே பார்க்கணும். அழுகின சதையை வெட்டி எடுக்கணும். இன்னிக்கே செய்யணும்' என்றார். ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். வாட்டசாட்டமான ஆட்கள். 'சும்மா ரெண்டு நிமிசம் அம்மா, நாற்காலியோட தூக்கிர்றோம்' என்றார்கள்.

'வேண்டாங்க' என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் டாக்டரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. 'மச்சாண்டாரு மூஞ்சியவே பாக்காதவ, கண்ட ஆம்பளைங்க கையில ஏறிப் போனான்னு அவியளுக்கு அவமானம் ஆயிருமடி. அவிய மானஸ்தரு' என்றாள் என் காதில்.

'உசுரு போயிருமக்கா' என்றேன். 'அப்படின்னா பெரிய மச்சானையே தூக்கச் சொல்லட்டுமா?'

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, 'அவிய சங்கடப்படுவாங்க. நீயாக் கேக்காத' என்றாள்.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். ரோட்டைத் தாண்டி ஓடினேன். 'பெரிய மச்சானுங்க, ஆகாத புண்ணுங்க. மேல கொண்டுபோகணுங்க. நீங்க வந்து தூக்குங்க' என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். 'அம்மிணி தூக்கச் சொல்லுச்சா?' என்றார்.

'சொல்லுல. வேண்டாம்னும் சொல்லுல.'

'வேண்டாம் கண்ணு. நாந் தொட்டுப் போட்டன்னா அம்மிணி அப்பறம் இந்த ஊட்ல எப்படித் தலைநிமிந்து இருக்கும்? அது சங்கடப்படும். தம்பி இன்னிக்கோ நாளைக்கோ வந்துருவான். வந்தொடனே கொண்டாந்தரலாம்.'

நான் மறுபடி அக்காவிடம் ஓடினேன். மறுபடி அவரிடம். வெயிலில் கால் பொசுங்க எத்தனை தடவை அந்த ரோட்டைத் தாண்டினேனோ. அவள் அவருக்குச் சங்கடம் என்றாள். அவர் அவளுக்குச் சங்கடம் என்றார். எனக்கு வேண்டாம் என்று ஒருத்தராவது சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். ஒருத்தர் மானத்தை ஒருத்தர் அப்படிக் காப்பாற்றினார்கள். நடுவில் நின்று, 'நாசமாப் போங்க ரெண்டு பேரும்' என்று நான் அழுதேன். வாயில் சொன்னேனா மனசுக்குள் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

டாக்டருக்கு உள்ளே ஒரு பிரசவம் காத்திருந்தது. களிம்பும் மருந்துத் தண்ணியும் கொடுக்கச் சொன்னார். 'புருஷனோட சீக்கிரம் வாங்கோ. தாமதிக்காதீங்கோ' என்று என் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

திரும்பி வரும் வழியில் ரோட்டோரம் ஒரு பஞ்சு அரவை மில். அங்கே பொதியை உருட்டி ஏற்றுவதற்கு வண்டி நிற்கும் தரையிலிருந்து மேடை வரைக்கும் வழுவழுவென்று காரை பூசிச் சரிவு கட்டியிருந்தார்கள். பொதி தானாகப் போவது போல மேலே போயிற்று. அக்காவும் அதைப் பார்த்தாள். 'பஞ்சாப் பொறந்திருக்கலாம்டி' என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய மச்சான் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்.

சின்ன மச்சான் அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சந்தைப் பக்கம் போகிற ஆளிடம் சொல்லி அனுப்பினோம். அந்த ஆள் போய்ச் சேர்ந்த நேரம் இவர் காளையோடு வேறு வழியில் கிளம்பியிருக்கிறார். அக்காவுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிற்று. அம்மாவைக் கூப்பிட்டாள், கிணற்றில் யாரோ நிற்கிறார்கள் என்றாள்.

விடிந்தபோது தோட்டத்தில் கோடாரிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பெரிய மச்சான் கிணற்றின் மேல்மரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாடு பூட்டி நீர் இறைப்பதற்குக் கிணற்றின் மேலே நிற்கிற இரண்டு நெடிய மரங்கள் அவை. அதைக் கழற்றினால் இறவை நின்றுவிடும். பயிர் அந்த வெயிலில் ஒரு நாள்கூடத் தாங்காது. அந்த மரங்களையும், பரி இழுக்கிற வடக்கயிற்றையும் வண்டியில் போட்டார். பரி என்பது தண்ணீர் மொள்ளும் தோல்சால். மரங்களின் மேல் பரப்பக் கட்டுத்தரைப் பலகைகளையும் பெயர்த்து எடுத்துக்கொண்டார். 'கெளம்பு கண்ணு' என்றார்.

ஆஸ்பத்திரியில் மரங்களைப் படிமேல் சாய்த்துப் பலகையைப் பரப்பினார். இந்தத் தடவை சரிவு தரையிலிருந்து தாழ்வாரம் வரைக்கும் நீளமாகப் படுத்திருந்தது. வடத்தின் ஒரு முனையை நாற்காலியில் கட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மறுமுனையோடு மேலே ஏறினார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, தாழ்வாரத்துக்குள் பார்த்தபடி நின்றார். அவளைத் தொடவேண்டியதில்லை. பார்க்கவும் வேண்டியதில்லை. அவர் கண்டுபிடித்த வழி அது. அங்கேயும் மரியாதை குறையவில்லை பாருங்கள்.

இழுத்தார். பின்னாலிருந்து நானும் ஆயாவும் தள்ளினோம். சக்கரம் பலகையில் ஏறியது. காய்ச்சலில் கண்மூடிக் கிடந்த அக்கா அந்த ஆட்டத்தில் விழித்துக்கொண்டாள். மேலே பார்த்தாள். கயிறும், வேர்வையில் நனைந்த அந்த முதுகும் அவளுக்குத் தெரிந்திருக்கும். 'தேரு கெளம்பிருச்சுடி' என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. பாதியில் ஒரு பலகை நகர்ந்து நாற்காலி சாய்ந்தது.

'மெதுவாங்க' என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னாள். அந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய ஒரே வார்த்தை அது. கயிறு அப்படியே நின்றது. அவர் முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு, கயிறு நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக இழுத்தார். நாற்காலி தாழ்வாரத்தில் ஏறிய பிறகும் கயிற்றைத் தோளிலிருந்து இறக்காமல் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

மேஜையில் குப்புறப் படுக்க வைத்து டாக்டர் கட்டைப் பிரித்தார். அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தவரை வெட்டினார், கழுவினார். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அப்போதும் அக்காவுக்கு வலியில்லை. கைகழுவும்போது, 'முந்தியே கொண்டு வந்திருக்கக் கூடாதோ?' என்றார் டாக்டர்.

'கொண்டுதானம்மா வந்தோம்' என்றேன். 'உங்க படி வரைக்கும் கொண்டுவந்தோம்.'

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். துண்டால் கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மறுநாள் மத்தியானம் அக்கா போய்விட்டாள். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றி எடுத்துக்கொண்டு போனபோது அவள் இல்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் அதை எழுத முடியாது. வயசாகி இத்தனை காலம் ஆகியும் கஞ்சி ஆற்றும்போது எனக்குக் கை ஓடாது.

வண்டியில் அவளைக் கொண்டுவந்தோம். அப்போது ஆஸ்பத்திரி ஆட்கள்தான் தூக்கி வைத்தார்கள், யாரும் மானம் போயிற்று என்று சொல்லவில்லை. தோட்டத்துக்குள் வண்டி நுழையும்போது சின்ன மச்சான் புதுக்காளைகளோடு கட்டுத்தரையில் நின்றுகொண்டிருந்தார். கிணற்றில் மரங்களைக் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். காளைகளின் கழுத்தில் சலங்கை. யாரோ ஓடிப்போய் அதைக் கழற்றினார்கள்.

நடந்ததை எல்லாம் நான்தான் அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு அண்ணனிடம் போனார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். 'ஏண்ணா, தூக்கியிருக்கக் கூடாதா?' என்று கேட்டார். 'நானென்ன சொல்லீரப் போறேன்? என்னைய நீ தூக்கி வளத்தவனல்லோ?'

பெரிய மச்சான் தலையைக் குனிந்தார். எந்தத் தம்பியின் முன்னால் அக்கா தலைகுனியக் கூடாது என்று ஒதுங்கி நின்றாரோ அந்தத் தம்பிக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. அவரை ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. கேட்காமலே அவருக்கும் சேர்த்து மரியாதை பார்த்துவிட்டார்கள்.

வாய்க்கரிசி போட எல்லோரையும் கூப்பிட்டார்கள். பெரிய மச்சானையும் கூப்பிட்டார்கள். செத்தவளுக்கு மச்சாண்டார் இல்லை, யாரும் பார்க்கலாம், யாரும் தொடலாம். கையில் அரிசியோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். 'போடுங்க மாமா' என்று யாரோ சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பி, வேறு யாருக்கும் கேட்காத குரலில், 'அம்மிணி மொகம் இப்படியா கண்ணு இருந்துச்சு?' என்றார். பிறகு பாடைக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். இடுகாடு வரைக்கும் தோளை மாற்றவே விடவில்லை.

மரங்களையும் பலகைகளையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டார். அந்த வருஷம் எங்கள் கிணறு இறைக்கவில்லை. பின்னாளில் ஒரு தடவை அங்கே போனபோது பார்த்தேன், அந்தச் சரிவு அப்படியே இருந்தது. நடக்க முடியாத கிழவி ஒருத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து அதன் மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். நல்ல காரியம்தான். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

வருஷம் திரும்பியதும் பெரியவர்கள் கூடிப் பேசி என்னைச் சின்ன மச்சானுக்கே கட்டிவைத்தார்கள். என்னையும் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. தங்கச்சி இருக்கும்போது வெளியில் எதற்குப் பெண் பார்ப்பது என்றார்கள். 'ஏன்டி, அவசரமா உனக்கு' என்று அக்கா கேட்ட பேச்சுத்தான் தாலி ஏறும்போது என் காதில் ஒலித்தது. அழுதேன். புதுப்பெண் அழுவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் சோறு எடுத்து வைத்தேன். கட்டுத்தரையில் இருமல் கேட்டது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அது என்னை ஒதுங்கச் சொல்லும் இருமல். நான் இப்போது அவருக்குத் தம்பி பெண்டாட்டி. நேற்றுவரை சண்டை போட்டவள், அந்த ரோட்டைத் தாண்டித் தாண்டி அவரிடம் ஓடியவள், இன்றைக்கு எதிரே நிற்கக் கூடாது.

நான் நகரவில்லை. தட்டத்தோடு நடுவீட்டில் நின்றேன். உள்ளே வந்தவர் என் காலைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டார். கயிற்றோடு பார்த்தேனே, அதே முதுகு.

'பெரிய மச்சானுங்க, திரும்புங்க' என்றேன்.

'அம்மிணி, அது வழக்கமில்லீங்க' என்றார் சுவரைப் பார்த்து. என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர். அம்மிணி என்பது அந்த வீட்டில் அக்காவின் பெயர்.

'என்னையும் செத்தப்பறந்தான் பாப்பீங்களா? உசுரோட இருக்கறப்பவே பாத்துக்குங்க.'

சின்ன மச்சான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய மச்சான் அறுத்துப்போட்ட நிலைப்படியின் தழும்பையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவர் தோள் குலுங்கிற்று. பிறகு திரும்பினார். கண்ணீர் வழிய, துடைத்துக்கொள்ளாமல், என் முகத்தை நேராகப் பார்த்தார்.

கீழே உட்கார்ந்தார்.

'சோத்தைப் போடு கண்ணு' என்றார்.